ரப்பர் ஷீட்டில் பொதிந்த பதிமூன்று சைக்கிள்கள்

சைக்கிளை ஓட்டிக்கொண்டு போக யாராலும் முடியும். ஓட்டாமல் கொண்டுபோகத்தான் ஆள் வேண்டும். வண்டியில் ஏற்றி, கட்டி, மலை வரைக்கும் கொண்டுபோய், ஒரு கீறல் இல்லாமல் இறக்கி, 'இந்தா, ஏறி மிதி' என்று சொல்லக்கூடிய ஆள் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ஒருத்தன்தான் உண்டு. அது நான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவதுதான் மரியாதை என்பார்கள். எனக்கு அந்த மரியாதை தெரியாது. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மலையாளம் பஸ் போர்டைப் பார்த்துப் படித்தது. பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் பிடித்த கை இன்றைக்கும் பிடிக்கிறது. கீழே கடை, மேலே வீடு. இரண்டுக்கும் நானே கல் சுமந்தேன். கியர் சைக்கிள் இந்தப் பக்கம் முதலில் வந்தபோது, நாகர்கோவிலிலிருந்து ஒரு பழைய கியர் செட்டை வாங்கி வந்து, கடை மேசையில் அக்கக்காகக் கழற்றிப் போட்டு, திரும்பச் சேர்க்க ஒன்பது நாள் எடுத்தேன். பத்தாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தேன். ஹைட்ராலிக் பிரேக் வந்தபோதும் அப்படித்தான். எந்தச் சைக்கிளுக்கு எந்த பிரேக் பேட் என்று நான் எழுதி வைப்பது கிடையாது. எல்லாம் தலையில் இருக்கிறது.

என் மனைவிக்கு ஒரு தம்பி உண்டு. இருபத்திரண்டு வருஷம் கல்ஃபில் இருந்துவிட்டு வந்தான். ஆரியங்கோட்டில் ரப்பர் தோட்டம் வாங்கினான். பிறகு என் கடைக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், கண்ணாடி வைத்த ஒரு சைக்கிள் ஷோரூம் திறந்தான். பாறசாலையில் வேறு இடம் இல்லாமல் அல்ல. நான் தினமும் ஷட்டர் தூக்கும்போது அதைப் பார்க்க வேண்டும் என்றுதான்.

ஷோரூம் வைத்ததில் எனக்குக் கோபமில்லை. உள்ளே அவன் மாட்டிய போர்டுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருந்தான்: 'வெளியே கை வைத்த சைக்கிளுக்கு இங்கே கேரண்டி கிடையாது.' வெளியே என்றால் எங்கே? அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருக்கும் ஒரே சைக்கிள் கடை என் கடை. போர்டில் என் பேரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

அவன் விற்ற சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் சிலர் அங்கே வாங்கியிருப்பீர்கள். அலாய் ஃபிரேமில் பெடலுக்குப் பின்னால் குழாயைக் கவ்விப் பிடிக்கிற சைடு ஸ்டாண்டு மாட்டக் கூடாது. மெல்லிய குழாய் நசுங்கும். பின் அச்சுப் பக்கத்தில் ஸ்டாண்டுக்கென்று ஓட்டை விட்டிருந்தால் அங்கே மாட்டு, இல்லாவிட்டால் சுவரில் சாய்த்து வை. அவன் மாட்டிக் கொடுத்த ஸ்டாண்டு நாலு ஃபிரேமை நசுக்கியது. நாலும் என்னிடம்தான் வந்தன. நம் ஊரில் ஆறு மாசம் மழை, பொழியூர் பக்கம் கடல் காற்று. மட்கார்டு இல்லாமல் சைக்கிள் வாங்குவது குடை இல்லாமல் கல்யாணத்துக்குப் போவது மாதிரி. சேற்றோடு முதுகு, துருவோடு செயின். அவன் மட்கார்டு விற்பதில்லை. 'லுக் போவும்' என்பானாம். ஜெல் சீட் கவர் மட்டும் அடுக்கி வைத்திருந்தான். சீட்டின் உயரம் சரியாக இருந்தால் கவர் எதற்கு? குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே போகும்போது முட்டு நேராகிறதா பார். அதுதான் உயரம். இதைச் சொல்ல நான் யாரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒரு குழு உண்டு. பன்னிரண்டு பேர். குளத்தூர், செங்கல், பாறசாலை ஆட்கள். அதை நடத்துவது ஒரு டீச்சர். ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸ் கழிந்து சைக்கிள்களை மூணாறுக்கு ஏற்றி அனுப்பி, அங்கிருந்து இறங்கி ஓட்டி வருவார்கள். ஆறு வருஷமும் ஏற்றி இறக்கியது நான். ஆறு வருஷமும் ஒரு ஸ்போக் கூட வளைந்ததில்லை.

எப்படி ஏற்றுவேன் என்று சொல்கிறேன், தெரிந்துகொள்ளுங்கள். முதலில் பெடலைக் கழற்று. இடது பெடலின் மரை எதிர்த்திசை. அது தெரியாமல் திருகித் திருகி, பெடல் மாட்டும் கிராங்கையே கெடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஸ்பேனரின் பிடி மேலே நிற்க வேண்டும். பின்சக்கரப் பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும், முன்சக்கரப் பக்கமாகத் தள்ளினால் இரண்டும் முறுகும். இவ்வளவுதான். பின் கியரைப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றி வை, அப்போது அது உள்ளே ஒதுங்கும். முன்சக்கரத்தைக் கழற்றினால் ஃபோர்க்கின் நடுவே ஒரு மரத்துண்டு, பிரேக் பேட் நடுவே ஒரு அட்டைத்துண்டு. அட்டை வைக்காமல் யாராவது பிரேக்கைப் பிடித்துவிட்டால் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிறகு சக்கரம் ஏறாது. டிஸ்க்கில் கை படக் கூடாது, எண்ணெய் படவே கூடாது. நம் கைவிரலில் உள்ள எண்ணெய்கூட அதற்கு ஆகாது. செயின் பக்கம் அடுத்த சைக்கிளில் உரசக் கூடாது. உரசும் இடத்திலெல்லாம் காய்ந்த பருத்தித் துணி, அதன் மேல் அட்டை. கட்டுவதற்குக் கயிறு வேண்டாம், பழைய டியூபை நீளமாகக் கீறி எடுத்தால் அதைப்போலக் கட்டு வேறில்லை. சைக்கிளை நிற்க வைத்துத்தான் கட்டுவேன். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைக்க மாட்டேன்.

போன தடவைக்கான கூட்டம் சபை முற்றத்தில் நடந்தது. ஆராதனை முடிந்து எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். மச்சினனும் புதிதாகக் குழுவில் சேர்ந்திருந்தான், பதிமூன்றாவது ஆளாக. கார்பன் ஃபிரேமில் ஒரு வெளிநாட்டுச் சைக்கிள் வைத்திருந்தான். முன்னால் ஓட்டப் போவது அவன்தானாம்.

"இந்தத் தடவ ஏத்துறதும் எறக்குறதும் எனக்க பொறுப்பாக்கும்," என்றான். "அத்தான் இனி செரமப்பட வேண்டாம்."

"எனக்கு என்ன செரமம்?" என்று கேட்டேன்.

"இல்ல அத்தான். நீங்க பஞ்சர் ஒட்டுனா ஒட்டுனதுதான், அதுல ஆரும் குத்தம் பறைய முடியாது. ஆனா இப்ப உள்ளது சைக்கிள் இல்லல்லா, மெஷினாக்கும். நாலாங் கிளாஸ் கையில குடுக்கப்பிடாது."

சிரித்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள் என்று சொன்னால் பொய். பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர் உரக்கச் சிரித்தார், "அதுஞ் செரியாக்கும்" என்றும் சொன்னார். மற்றவர்கள் அவருக்குத் துணையாகச் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.  குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாக அவருடைய சைக்கிளின் ஒவ்வொரு நட்டும் என் கை பட்டது.

நான் வீட்டுக்கு வந்து சோறு தின்றேன். மறுநாள் கடை திறந்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மனதில் ஒன்று முடிவு செய்தேன். அந்த வார்த்தையை அதே பன்னிரண்டு பேர் முன்னால் அவன் தின்ன வேண்டும். எப்போது, எப்படி என்று தெரியாது. காத்திருக்கத் தெரியாதவன் சைக்கிள் கடை வைக்க முடியாது.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவனே வழி காட்டினான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம். மேலே வீட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஷோரூம் முன்னால் ஒரு பிக்கப் வண்டி நின்றது. ஆரியங்கோட்டிலிருந்து வந்த வண்டி. அதில் கட்டுக் கட்டாக ரப்பர் ஷீட். மச்சினன் ஷீட்டை எடுத்துக் குழுவின் பதிமூன்று சைக்கிள்களையும் சுற்றிக்கொண்டிருந்தான். ஃபிரேம், சக்கரம், செயின், டிஸ்க், ஒன்றையும் விடாமல் பொதிந்தான்.

எங்கள் பக்கத்தில் ரப்பர் ஷீட் இல்லாத வீடு குறைவு. பாலை எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் விட்டுப் பரத்தி, வெயிலில் காயப் போட்டு, பிறகு புகைப்புரையில் தொங்கவிட்டால் அது பழுத்து, கறுத்து, கெட்டியாகும். அதுவரைக்கும் அது வெள்ளையாக, மெத்து மெத்தென்று இருக்கும். பார்க்கிறவனுக்கு இதைவிட நல்ல மெத்தை உலகத்தில் இல்லை என்று தோன்றும். மச்சினன் புகை காணாத வெள்ளை ஷீட்டாகப் பார்த்து எடுத்திருந்தான். புகைபோட்ட ஷீட்டின் கறை பெயிண்டில் படியும் என்று நினைத்திருப்பான். தோட்டம் வைத்திருக்கிறவன். ஆனால் ஒரு நாளாவது ரோலர் பிடித்தவன் இல்லை. ஈர ஷீட்டை ஒன்றின்மேல் ஒன்று அழுத்தி வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் ஒரு வெட்டுகாரனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நானே செய்திருக்கிறேன். கடை வைத்த புதிதில், ஆரியங்கோட்டில் ஒரு போதகருக்கு வாங்கிய புதுச் சைக்கிளை வெள்ளை ஷீட்டில் பொதிந்து ஜீப்பின் மேலே கட்டிக் கொண்டுவந்தேன். வெயில் பட்டு ஷீட் இளகிவிட்டது. இழுத்தபோது பெயிண்டும் சேர்ந்து வந்தது. ரோலரின் கட்டம் கட்டமான அச்சு ஃபிரேமில் அப்படியே பதிந்திருந்தது. செயின் எண்ணெய் பட்ட இடத்தில் ஷீட் கரைந்து கோந்தாகியிருந்தது. போதகர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கியோடு அந்த உரிந்த சைக்கிளில் எல்லார் கண் முன்னாலும் ஆலயத்துக்கு வந்தார். அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. ஒரு தப்பை நான் ஒரு தடவைதான் செய்வேன்.

ஜன்னலிலிருந்து ரோட்டுக்கு இருபது படி. இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். நான் இறங்கவில்லை. சைக்கிள்களை அவன் ஷீட் அடுக்குவது போலவே படுக்க வைத்து அடுக்கினான், கயிற்றால் இறுக்கினான், மேலே தார்ப்பாய் போட்டான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, ஜன்னலில் என்னைக் கண்டு, கையை அசைத்தான். நானும் அசைத்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பகை அவனோடுதான். மூணாறிலிருந்து இறங்குவது வளைவுக்கு மேல் வளைவு. டிஸ்க்கில் கோந்தும் எண்ணெயும் படிந்தால் பிரேக் பிடிக்காது, வழுக்கும். ஒருவரும் அந்தச் சைக்கிளில் ஏறி உருள நான் விடமாட்டேன். சிரித்தவர்களைக்கூட விடமாட்டேன். அதனால் கீழே கடைக்கு வந்து ஒரு பை எடுத்தேன். அந்தப் பன்னிரண்டில் ஏழு டிஸ்க் பிரேக், ஐந்து ரிம் பிரேக். ஏழுக்கும் பேட் எடுத்து வைத்தேன். ரிம் பிரேக்குக்குப் புதுக் கட்டை, ஸ்பிரிட் ரெண்டு குப்பி, உப்புத்தாள், துணி, ஒரு சின்னப் பித்தளை பிரஷ், செயின் எண்ணெய். மச்சினனின் சைக்கிளைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன், பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரின் வடிவத்தைக் கண்டால் பேட் எது என்று எனக்குத் தெரியும். நாகர்கோவில் பார்சலில் எப்போதோ தவறி வந்த ஒரு ஜோடி, யாருக்கும் பொருந்தாமல் ஷெல்ஃபில் கிடந்தது. அது அவன் சைக்கிளின் பேட். அதையும் எடுத்தேன். பையில் போடவில்லை, சட்டைப் பையில் போட்டேன்.

மனைவி வாசலில் நின்றாள்.

"பையும் தூக்கிட்டு எங்க போறிய?"

"நாள காலம்பற மூணாறுக்கு. இப்ப எடுத்து வைக்கேன்."

"என்னத்துக்கு?"

"தேயில பாக்க."

"வீட்டுல தேயில உண்டு." அவளுக்கும் ஜன்னல் உண்டு, அவளும் பார்த்திருக்கிறாள். "எனக்க தம்பியாக்கும்," என்றாள். "அவன்ட்ட ஒரு வார்த்த பறஞ்சா என்ன?"

"நாலாங் கிளாஸ்காரன் பறஞ்சா மெஷினுக்கு மனசிலாவாது பிள்ள."

"மெஷினுக்குப் பறைய வேண்டாம். அவனுக்குப் பறையுங்க."

"அவன்தான் மெஷினு."

அவள் உள்ளே போய்விட்டாள். ஆனால் சாயங்காலம் என் பையில் ஒரு கம்பளிச் சால்வையை மடித்து வைத்தாள்.

மறுநாள் காலையில் நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு பஸ், திருவனந்தபுரத்திலிருந்து இன்னொரு பஸ். வழி நெடுக வெயில் காய்ந்தது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அந்த வெயிலை நான் பார்த்த மாதிரி யாரும் வெயிலைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும், இப்போது தார்ப்பாய்க்கு அடியில் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டேன். சாயங்காலம் போய்ச் சேர்ந்து, அவர்கள் தங்கும் லாட்ஜுக்குப் பக்கத்திலேயே வேறொரு லாட்ஜில் அறை எடுத்தேன்.

அடுத்த நாள் காலையில் லாட்ஜ் முற்றத்தில் பிக்கப்பை நிறுத்தியிருந்தார்கள். பதிமூன்று பேரும் ஹெல்மெட் போட்டு, கையுறை மாட்டி, படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாயாக் கடையில் நின்றேன். மச்சினன் நான் மாட்டியது போலவே ஒரு சால்வை மாட்டியிருந்தான். அதுவும் அவனுடைய அக்காள் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

தார்ப்பாயை நீக்கியதும் வாடை ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தது. ரப்பர் வாடை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்குச் சொல்லியும் பயனில்லை.

மச்சினன் மேலே இருந்த சைக்கிளைத் தூக்கினான். அதோடு அடியில் இருந்த சைக்கிளும் சேர்ந்து வந்தது. இரண்டும் ஒன்றாக ஒட்டியிருந்தன.

"இது என்ன, ரெட்டப் பிள்ளையா?" என்றார் பேங்க்காரர்.

பிக்கப் டிரைவர், ஆரியங்கோட்டு ஆள், வண்டியில் சாய்ந்து நின்றபடி சொன்னார்: "ஏத்தும்போதே நான் பறஞ்சேன் மொதலாளி, ஈர ஷீட்டு வெயிலு கண்டா ஒண்ணாவும்னு."

"நீ சும்மா இரி."

"சும்மாதான் இருக்கேன். முந்நூறு கிலோமீட்டரும் சும்மாதான் இருந்தேன்."

நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். ஷீட் நீண்டது, நூல் நூலாக வந்தது, வரும்போது பெயிண்டையும் கொண்டுவந்தது. டீச்சரின் நீலச் சைக்கிளில் எழுதியிருந்த எழுத்து முழுவதும் ஷீட்டில் திருப்பி எழுதின மாதிரி வந்துவிட்டது. டீச்சர் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளினார். சைக்கிள் நிற்கவில்லை, வழுக்கிப் போனது. இன்னொரு தடவை தள்ளினார். மறுபடியும் போனது. அவர் முகம் மாறியது. நிமிர்ந்தபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்னைக் கண்டார்.

நான் சாயாவைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு, மெதுவாக ரோட்டைக் கடந்தேன்.

"அண்ணாச்சி எப்ப வந்திய?" என்றார் டீச்சர்.

"நேத்து சாயங்காலம்."

"நாங்க உங்கள விளிக்கல்லியே."

"இல்ல. ஆரும் விளிக்கல்ல."

மச்சினன் ஒட்டின கையைத் துடைத்துக்கொண்டு பிக்கப்பின் பின்னால் போய் நின்றான். டீச்சர்தான் கேட்டார்: "இது செரியாவுமா?"

"ஆவும்," என்றேன். "ஒரு மேசை, ரெண்டு வாளி பச்சத் தண்ணி, வாய் பேசாம வேல செய்ய நாலு பேரு. உச்சைக்குள்ள நீங்க எறங்கலாம். அதுக்கு முன்ன ஒரு காரியம் உண்டு."

"என்ன காரியம்?"

"சபை முத்தத்துல வச்சு ஒருத்தன் ஒண்ணு பறஞ்சான். நீங்க எல்லாரும் கேட்டியதானே. நாலாங் கிளாஸ் கை. அந்தக் கை வேணுமா வேண்டாமான்னு ஒவ்வொருத்தரா எனக்குப் பறையணும்."

 மூணாறு குளிரில் வாயிலிருந்து புகை மட்டும் வந்தது. பிறகு டீச்சர், "வேணும்," என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர், "வேணும்." அப்படியே வரிசையாக வந்தது. பேங்க்காரர் முணுமுணுத்தார்.

"கேக்கல்ல சார். அண்ணைக்கு நல்லாக் கேட்டுது."

"வேணும் அண்ணாச்சி," என்றார் உரக்க.

பன்னிரண்டு தடவை அந்த வார்த்தையைக் கேட்டேன். என் வாழ்நாளில் நான் வாங்கியதிலேயே பெரிய கூலி அதுதான். சிலர் இதைப் படித்துவிட்டு, வயசான ஆள் இவ்வளவு பகை வைக்கலாமா என்று நினைப்பார்கள். உங்களைப் பார்த்து நாலு பேர் சிரித்திருந்தால் தெரியும்.

பிறகு வேலை. சக்கரங்களைக் கழற்றி வரிசையாக வைத்தேன். ஒட்டின ரப்பரைச் சூட்டில் சுரண்டக் கூடாது, அது இன்னும் பரவும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்து விரைக்க விட்டு, கட்டைவிரலால் உருட்டினால் உருண்டு உருண்டு வரும். மூணாறு தண்ணீர் ஐஸ் போல இருந்தது, அது எனக்கு உதவி. டிஸ்க்கை ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, துணியை மாற்றி மறுபடியும் துடைத்து, துணியில் கறை வராத வரைக்கும் துடைக்க வேண்டும். எண்ணெய் குடித்த பேட்டை உப்புத்தாளில் தேய்த்துக் காப்பாற்றலாம் என்று பலர் சொல்வார்கள். இறக்கத்துக்கு அதை நம்பக் கூடாது, மாற்று. ரிம் பிரேக்காக இருந்தால் ரிம்மின் ஓரத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் புதுக் கட்டை போடு. செயினைப் பித்தளை பிரஷால் தேய்த்து, துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய். ஒரு துளிதான். அதற்குமேல் விட்டால் தூசியைப் பிடிக்கும். ஷீட்டில் உள்ள ஆசிட் ஸ்போக்கைத் தின்னத் தொடங்கியிருந்தது, அதையும் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

ஒவ்வொரு சைக்கிளும் வரும்போது பையில் கை விட்டுப் பேட்டைப் பார்க்காமலே எடுத்தேன். "இது உங்களுக்கு. இது உங்களுக்கு." ஒன்றுகூடத் தவறவில்லை. நட்டை முறுக்கி முடித்ததும், ஒவ்வொரு சைக்கிளையும் முற்றத்தின் சரிவில் நானே ஓட்டிப் பார்த்தேன். புதுப் பேட்டை முதலில் இருபது தடவை மெதுவாகப் பிடித்து விட வேண்டும், அப்போதுதான் டிஸ்க்கில் படியும். இருபதும் பிடித்தேன். இந்த வயதிலும் ஒரு காலைத் தரையில் ஊன்றவில்லை.

மத்தியானத்துக்கு முன்னால் பன்னிரண்டும் முடிந்தது. அப்போது பிக்கப்பின் பின்னாலிருந்து மச்சினன் வந்தான். தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். அந்தக் கறுப்புக் கார்பனில் ஷீட்டின் கட்டம் கட்டமான அச்சு நுனி முதல் நுனி வரை விழுந்திருந்தது. முதலை மாதிரி இருந்தது.

"அத்தான்," என்றான். "எனக்கதயும் ஒண்ணு பாருங்க."

நான் கையைத் துடைத்தேன். "உனக்க ஷோரூம்ல ஒரு போர்டு உண்டு மக்கா. அதுல என்ன எழுதியிருக்கு?"

அவன் சைக்கிளின் சீட்டைத் துடைத்தான்.

"நீ படிச்சவனாக்கும். எல்லாரும் கேக்கட்டும், வாசி."

"விடுங்க அத்தான்."

"அப்போ நானே பறையுதேன். வெளியே கை வைத்த சைக்கிளுக்கு இங்கே கேரண்டி கிடையாது. எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன், ஆனா மறக்கல்ல. இது இம்புட்டு வெலையுள்ள மெஷினு. நான் கை வச்சா உனக்க கேரண்டி போவும். எனக்கு அதுக்கு மனசு வராது."

டிரைவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் பேங்க்காரர். அப்புறம் எல்லாரும். சபை முற்றத்தில் நான் கேட்ட அதே சிரிப்பு. அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று இன்றைக்கு அவன் முகத்தில் பார்த்தேன்.

"நான் முன்னால ஓட்ட வேண்டியவன் அத்தான்," என்றான், குரல் தாழ்ந்து.

"முன்னாலே போலாமே. பிக்கப்பு உண்டு. டிரைவருக்க பக்கத்துல இரி."

டீச்சர் என் பக்கத்தில் வந்தார். "போட்டுக் குடுங்க அண்ணாச்சி. பாவமில்லியா?"

"டீச்சரே," என்றேன், "அண்ணைக்கு நீங்க போனப் பாத்துட்டு நின்னிய. இண்ணைக்கும் போனப் பாருங்க."

அவர் தலை குனிந்தார். அவரிடம் அப்படிச் சொன்னது கொஞ்சம் அதிகம் என்று பிறகு தோன்றியது. திருப்பி எடுக்கவில்லை. சட்டைப் பையில் அந்த ஒரு ஜோடி பேட் இருந்தது. குனியும்போதெல்லாம் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. அதை நான் எடுக்கவில்லை.

பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள். அவர்கள் மூணாறுக்கு வந்த வேனில் நான் பின்னால் வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடிக்கும் சத்தத்தைக் கண்ணாடியை இறக்கிவைத்துக் கேட்டேன். ஒரு சக்கரமும் வழுக்கவில்லை. முன்னால் பிக்கப் போனது, மிச்சம் இருந்த ஷீட்டும் ஒரு சைக்கிளும் ஒரு மச்சினனும் அதில் இருந்தார்கள். அடிமாலியில் சாயா குடிக்க நிறுத்தினோம். எல்லாரும் என்னைச் சுற்றி நின்று பின் கியரைப் பற்றியும் டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்றும் கேட்டார்கள். அவன் வண்டியை விட்டு இறங்கவில்லை. டிரைவர் அவனுக்கு ஒரு சாயா கொண்டுபோய்க் கொடுத்தார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். அவளுக்கு எல்லாம் போனில் வந்து சேர்ந்திருந்தது. "மனசு நெறஞ்சுதா?" என்று கேட்டாள்.

"நெறஞ்சுது," என்றேன்.

ஒரு வாரம் எனக்கு மீன் குழம்பு கிடைக்கவில்லை. கஞ்சியும் பயறும்தான். அதையும் மனசு நிறைந்தே தின்றேன்.

குழுவில் உள்ளவர்கள் இப்போது என் கடைக்குத்தான் வருகிறார்கள். டீச்சரும் வந்தார். நீலச் சைக்கிளுக்குப் புதிய பெயிண்ட் நான்தான் அடித்துக் கொடுத்தேன், எழுத்து மட்டும் எழுதவில்லை. வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

மச்சினனின் சைக்கிள் ஷோரூம் கண்ணாடிக்குள் ஓரமாக நிற்கிறது. அந்த மாடலுக்கான பேட் எங்கேயும் கிடைக்கவில்லையாம், வரவழைக்க மாசக்கணக்கில் ஆகுமாம். இதை எனக்குச் சொன்னது மனைவி.

"உங்ககிட்ட உண்டும்னு எனக்குத் தெரியும்," என்றாள். "சட்டை துவைக்கும்போது கண்டேன். நான் கொண்டு குடுக்கட்டா?"

"குடு. போர்டை எறக்கியாச்சான்னு பாத்துட்டுக் குடு."

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். போர்டு அங்கேதான் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. பேட் என் மேசை டிராயரில் இருக்கிறது, காற்றுப் படாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருக்கிறேன், எண்ணெய்க் கையால் தொடுவதில்லை. டிராயருக்குப் பூட்டு கிடையாது. ரோட்டின் அகலம் நாற்பது அடி. போர்டைக் கழற்றிவிட்டு அவன் நடந்து வரலாம். ஏறி நிற்க ஸ்டூல் இல்லையென்றால் என் கடையில் உண்டு, அதை எடுத்துக்கொண்டு போக நான் விடுவேன்.